எந்தப் பூச்சி

பங்குனி பிறந்த கையோடு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மலை ஏறினேன். புதூர்நாட்டுப் பக்கம் மகள் வாடகைக்கு இருக்கிற வீட்டின் பின்பக்கத்தைச் சுத்தம் செய்யப் போகிறேன் என்று காரணம் சொன்னேன். ஆய்வுக்கூடத்தில் கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். தோல் தொழிற்சாலையில் இத்தனை வருஷம் கண்ணாடிக் குழாயும் கையுமாக இருந்தவன் மண்வெட்டி பிடிக்கப் போகிறானாம். நானும் சிரித்துப் பார்த்தேன். சரியாக வரவில்லை.

உண்மையில் மகளுக்கும் எனக்கும் ஒரு பேச்சு இருந்தது. புதராகிக் கிடக்கும் அந்தத் தோட்டத்தை நான் ஒழுங்கு செய்ய வேண்டும். செய்து முடித்த பிறகு, அவள் அந்த வீட்டில் தனியாக இருந்து வேலை பார்க்கலாமா, இல்லை மாற்றல் கேட்டுக்கொண்டு கீழே வந்துவிட வேண்டுமா என்று நான் சொல்ல வேண்டும். நான் சொல்வதைக் கேட்பதாக அவள் ஒத்துக்கொண்டாள். எதற்கும் எதிர்க்கேள்வி கேட்கிறவள் இதற்கு மட்டும் ஏன் தலையாட்டினாள் என்பது மலை ஏறும்போதே எனக்குக் குழப்பமாக இருந்தது.

"போய்ட்டு வாங்க," என்றாள் மனைவி, பழைய முழுக்கைச் சட்டைகளைப் பையில் திணித்தபடி. "செடிய வெட்றீங்களோ இல்லியோ, அவகிட்ட வெட்டு குத்துனு நிக்காதீங்க."

மகள் அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். முதல் வேலை. காலையில் போய் மாலையில் திரும்புகிற அளவுக்கு பஸ் கிடையாது. அதனால் சுகாதார நிலையத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டாள். அந்த வீட்டுக்காரர் குடும்பத்தோடு கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போய்ச் சில வருஷமாகிறது. அவருடைய அக்கா பக்கத்து வீட்டில் இருக்கிறார். சாவி அவரிடம்தான் இருந்தது. முன்பக்கம் சுண்ணாம்பு அடித்து, தண்ணீர்க் குழாயைச் சரி செய்து கொடுத்தார்கள். பின்பக்கம் யாரும் போய்ப் பார்க்கவில்லை. மகளுக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. துணி காயப்போட ஒரு கயிறு கட்ட இடம் இருந்தது, அது போதும் என்றிருந்தாள்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம், விளக்குப் போட்ட நேரம், அந்தக் கயிற்றில் கிடந்த துணியை எடுக்கப் போயிருக்கிறாள். உண்ணிச்செடி கயிறு வரைக்கும் ஏறியிருந்தது. கணுக்காலுக்கு மேலே ஏதோ பட்டது. குனிந்து பார்த்தால் ரத்தம் துளிர்த்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்திருக்கிறாள்.

"பெரிம்மா, கால்ல ஏதோ பூச்சி கடிச்சிட்ச்சு."

பக்கத்து வீட்டம்மா போட்ட சத்தத்தில் தெரு முழுக்க ஓடி வந்தது. நடக்க விடக் கூடாது என்று ஜீப் வந்தது. சுகாதார நிலையத்தில் டாக்டர் பார்த்து, எதற்கும் கீழே போய்விடுங்கள் என்று ஆம்புலன்சில் அனுப்பினார். ஜீப்பிலேயே அவளுக்கு மயக்கம் வந்துவிட்டது.

எனக்கு ஃபோன் செய்தவர் ஜீப்காரர். "சார், பாப்பாவ பூச்சி கடிச்சிட்ச்சு. கீழ எடுத்துனு வர்றாங்க. வந்துடுங்க."

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பிறந்தவனுக்கு அந்த வார்த்தையை யாரும் விளக்க வேண்டியதில்லை. விளக்கு வைத்த பிறகு பாம்பு என்று வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் வந்துவிடும். பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும். பைக்கை எடுத்தது நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றது நினைவிருக்கிறது. நடுவில் எந்த வழியாகப் போனேன் என்று இன்று கேட்டாலும் சொல்லத் தெரியாது.

அங்கே அவளுடைய ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் நிறுத்தி வைத்தார்கள். உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது. உறைந்தால் பாதிப் பயம் போகும், மீதிக்கு இமை சரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் ஆயுளில் பாதியைக் குழாய்களைப் பார்த்தே கழித்தவன். ஒரு குழாய்க்கு முன்னால் கைகட்டி நின்றது அன்றுதான். ரத்தம் உறைந்தது. மறுபடி எடுத்தார்கள், அதுவும் உறைந்தது. காலில் சின்னத் தடிப்பு, நடுவில் ஒரு கீறல். பல் பட்டது மாதிரியும் இருந்தது, முள் கிழித்தது மாதிரியும் இருந்தது. மறுநாள் வரைக்கும் வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்:

"கடிச்சது பாம்புன்னு என்னால சொல்ல முடியாது. பாம்பு இல்லன்னும் சொல்ல முடியாது. கடிச்சும் விஷம் இறக்காம போறது உண்டு. பொண்ணு நல்லா இருக்கு. அதப் பாருங்க."

நன்றி சொல்லி வெளியே வந்தோம். ஆனால் எதிலிருந்து தப்பித்தோம் என்று தெரியாமல் தப்பித்தால் அது மனதில் எங்கும் உட்கார மாட்டேன் என்கிறது. மகள் சில நாள் ரசம் சாதம் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, "ஸ்டாக் எடுக்கணும்பா" என்று மலைக்குக் கிளம்பிவிட்டாள். நான்தான் இன்னும் அந்தக் குழாய்க்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். தொழிற்சாலையில் ஒரு தோல் துண்டைச் சோதனைக்குக் கொடுத்தால் ஏதாவது ஒரு முடிவு எழுதியாக வேண்டும், தேறியது அல்லது தேறவில்லை. இதற்கு என்ன எழுதுவது?

மலையில் முதல் நாள் காலை பனி விலகியதும் இறங்கினேன். முழுக்கைச் சட்டை, தொழிற்சாலையில் தொட்டிப் பக்கம் போகும்போது போடுகிற முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், கையில் மூங்கில் கழி. ஒவ்வோர் அடி வைப்பதற்கு முன்னாலும் தரையில் நாலு தட்டு தட்டினேன். சத்தம் கேட்டால் அது விலகிப் போய்விடும் என்று படித்திருந்தேன்.

பக்கத்து வீட்டம்மா வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். பங்குனியில் மலையில் எல்லா வீட்டிலும் அந்தச் சத்தம்தான், ஓட்டை உடைத்துக் கொட்டையை எடுக்கிற சத்தம். அவர் கையை நிறுத்தி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா சார், செடி வெட்றீங்களா, மோளம் அடிக்கிறீங்களா?"

"அது போவட்டும்னு தட்றேன்."

"தட்டுங்க தட்டுங்க. நான் இந்தாண்ட தட்றேன், நீங்க அந்தாண்ட தட்டுங்க. பாப்பாவுக்கு மாப்ள மட்டும் கெடைச்சா கல்யாணத்த முடிச்சிடலாம்."

எனக்கு வேண்டியதெல்லாம் வெறும் தரை. அங்கே ஒரு காய்ந்த இலை கிடந்தாலும் அது இலைதான் என்று கதவருகே நின்றே தெரிய வேண்டும். உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கினேன். பார்த்தீனியத்தைப் பிடுங்கினேன். பிறகு என் கைக்கு என்னென்ன வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அந்த அம்மா வேலி மேல் எட்டிப் பார்த்துக் கத்துவார்.

"ஐயோ, அது எலுமிச்ச சார்! எந்தம்பி பொண்டாட்டி வச்சது!"

"முள்ளு இருக்குதே?"

"எலுமிச்சைக்கு முள்ளு இல்லாம பூவா இருக்கும்?"

இப்படி ஒரு கொய்யாக் கன்று தப்பியது, ஒரு பழைய அவரைக் கொடியின் அடிக்கட்டை தப்பியது, தண்ணீர்க் குழாய்க்குக் கீழே சேற்றில் ஒரு வாழைக் குருத்து தப்பியது. அவர் சொன்னதெல்லாம் சரியாகவும் இருக்கவில்லை. கறிவேப்பிலை என்று ஒரு கன்றைச் சுற்றிப் பாத்தி கட்டச் சொன்னார். நானும் வேர்க்க வேர்க்கக் கட்டினேன். கட்டி முடித்ததும் ஓர் இலையைக் கசக்கி மோந்து பார்த்துவிட்டு, "இல்ல சார், இது இன்னாவோ" என்றார். அது என்ன என்று இன்றுவரை இரண்டு பேருக்கும் தெரியாது. பாத்தி கட்டியாகிவிட்டதால் அதற்கும் தண்ணீர் ஊற்றுகிறோம்.

மனைவி ஃபோனில் சொன்னாள்: "எங்க அண்ணன் சொல்றாரு, பேசாம சிமெண்ட் போட்டுடச் சொல்லி."

எனக்கும் அது பிடித்திருந்தது. பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னேன். "சிமெண்டா? எந்தம்பி திரும்பி வந்து இன்னா பண்ணுவான், அதுல கேவுரு வெதைப்பானா?" என்றார்.

ஒரு நாள் வெயில் ஏறியதும் டீ கொண்டுவந்து கொடுத்தார். வேலி ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தேன். இத்தனை நாளாகக் கேட்க நினைத்ததை அப்போதுதான் கேட்டேன்.

"அன்னிக்கி நீங்க அதப் பாத்தீங்களாம்மா?"

"எத?"

"அதான். பூச்சிய."

நல்ல பகல். தலைக்கு மேல் வெயில். அப்போதும் எனக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை.

"நான் எங்க சார் பாத்தேன்? நான் அடுப்பாண்ட இருந்தேன். பாப்பாதான பூச்சினு கத்திச்சு? பாப்பாதான் பாத்துச்சு."

சாயங்காலம் மகள் வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருந்துச்சும்மா அது? கருப்பா, கட்டு கட்டா இருந்துச்சா?"

"எதுப்பா?"

"உன்னக் கடிச்சது."

துண்டை முகத்திலிருந்து எடுத்தாள். "நான் எங்கப்பா பாத்தேன்? பெரிம்மாதான் பாத்தாங்க."

"அவங்க பாக்கலயாம். நீதான் பூச்சின்னு சொன்னியாம்."

"ஆமா, பூச்சின்னுதான் சொன்னேன். எறும்பு, குளவி, அந்த மாதிரி பூச்சி. அவங்கதான் ஐயோ ஐயோன்னு ஓடி வந்தாங்க. அவங்க எதையோ பாத்துட்டாங்கன்னு நெனச்சேன். அப்பதான் எனக்குப் பயம் வந்துச்சு."

வாணியம்பாடியில் டியூப்லைட் வெளிச்சத்தில் வளர்ந்த பெண். அவளுக்குப் பூச்சி என்றால் புத்தகத்தில் படித்த பூச்சிதான். விளக்கு வைத்த பிறகு அந்த வார்த்தைக்கு வேறு உடம்பு வந்துவிடும் என்பது அவளுக்கு எங்கே தெரியும்? வேலிப் பக்கம் போய் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். மூன்று பேரும் நின்றோம், நடுவில் வேலி.

"ஏன் பாப்பா," என்றார் அவர், "வெளக்கு வச்சப்புறம் பூச்சினு கத்தினா நான் இன்னானு நெனைப்பேன்? எறும்புனா எறும்புனு சொல்றதுதான?"

"எறும்பான்னு தெரியாமதான பெரிம்மா பூச்சின்னேன்!"

"அடிப்பாவி! ஜீப்புக்காரன் சோத்துல கைய வச்சவன், கழுவாம வண்டிய எடுத்தான். ஒரு எறும்புக்கு!"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். மகளும் சிரித்தாள், வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு. கடைசியில் எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டு மனைவிக்கு ஃபோன் செய்தேன்.

"எறும்பா?" என்றாள். "எறும்புக்கா நான் திருப்பதிக்கு முடி எறக்கறேன்னு வேண்டிக்கினேன்?"

"உன் முடியவா?"

"என் முடிய ஏன் வேண்டிக்கறேன்? உங்க முடியத்தான்."

அதற்கடுத்த நாட்கள் நன்றாக இருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். மூங்கில் கழியை வைத்துவிட்டேன். புதருக்குள் சாய்ந்து கிடந்த பழைய பந்தல் கால்களை நிமிர்த்தி நட்டேன். பக்கத்து வீட்டம்மா கொடுத்த அவரை விதையையும் சுரை விதையையும் ஊன்றினேன். குளித்த தண்ணீர் வாழைக்குப் போகிற மாதிரி வாய்க்கால் இழுத்தேன். தோட்டத்து மூலையில் நின்ற பலா மரத்தில், அடிமரத்தோடு ஒட்டிப் பிஞ்சு விட்டிருந்தது எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. வந்த நாளிலிருந்து தரையை விட்டுக் கண்ணைத் தூக்கியிருக்கவில்லை. சரி, இவள் இங்கேயே இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். கஷ்டமாக இல்லை.

மகளும் மாலையில் வந்து விதைகளுக்குத் தண்ணீர் தெளிப்பாள். அப்படி ஒரு நாள் தெளித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஒண்ணுதாம்பா புரியல. எறும்பு, குளவின்னா சுருக்குனு இருந்திருக்கும்ல? எனக்கு வலிக்கவே இல்ல. ஈரத்துணி பட்ட மாதிரி இருந்துச்சு. அவ்ளோதான்."

வலிக்காமல் கடிக்கிறது எது என்று எனக்குத் தெரியும், கருப்பாக, கட்டு கட்டாக இருப்பது. அந்த மாதம் முழுக்க ஃபோனில் அதைத்தானே படித்துக்கொண்டிருந்தேன். மருந்து கொடுக்கிற அவளுக்கும் தெரியும்.

"இத ஏன் நீ முன்னயே சொல்லல?"

"நீ இப்டி நிப்பன்னுதான்."

நான் எப்படி நின்றேன் என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் கழி மறுபடி கைக்கு வந்தது. சிரித்ததெல்லாம் யாரோ வேறு ஆள் சிரித்தது போல இருந்தது. முள்ளாக இருக்கலாம் என்று காலையில் நினைப்பேன். முள்ளானால் வலிக்குமே என்று மத்தியானம் தோன்றும். பயத்தில் வலி தெரியாமல் போகும் என்று நானே பதில் சொல்லிக்கொள்வேன். ஆனால் அவள் அப்போது பயந்திருக்கவே இல்லையே, பயம் பிறகுதானே வந்தது? இப்படியே கொத்திக்கொண்டு போய், பின்சுவர் ஓரம் உடைந்த ஓடுகள் குவிந்திருந்த இடத்துக்கு வந்தேன். ஓட்டைக் கம்பியால் புரட்டினேன்.

சட்டை. முழுசாகக் கழற்றிப் போட்ட சட்டை, வெங்காயத் தோல் மாதிரி. காற்றில் லேசாக ஆடியது.

கொத்துகிற சத்தம் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டம்மா வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து, குச்சியால் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"சாரை சார் இது. எலிக்கு வரும். ஒண்ணும் பண்ணாது."

"சாரைன்னு எப்படித் தெரியும்?"

"நீளமா இருக்குதுல்ல?" கொஞ்சம் யோசித்தார். திருப்பிப் பார்த்தார். "நல்லதா கூட இருக்கும்."

ஒரு கணம் எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்றே நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. நல்லது என்றால் நல்ல பாம்பு. இந்த மண்ணில் எந்த வார்த்தையைத்தான் நம்புவது?

"எப்ப கழட்டினதா இருக்கும்?"

"அது இன்னா நமக்குச் சொல்லிட்டா கழட்டும்? போன வருசமோ, போன வாரமோ."

மகள் வந்ததும் அதைக் காட்டவில்லை. "துணியெல்லாம் எடுத்து வை. காலைல ஜீப்ல போயிடலாம்" என்று மட்டும் சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு தோட்டத்தைப் பார்த்தாள்.

"தோட்டத்த முடிச்சிட்டுச் சொல்றேன்னுதான சொன்ன?"

"முடிஞ்சிட்ச்சு."

"எங்க முடிஞ்சுது? பாதி அப்டியே கெடக்குது."

"அந்தப் பாதியில இன்னா இருக்குதுன்னு உனக்குத் தெரியாது."

"சட்டதான? பெரிம்மா தெருவுலயே சொல்லிட்டாங்க. இந்த மலையில எல்லார் வூட்டுப் பின்னாலயும் இருக்கும்பா. கீழ நம்ம வூட்டு சாக்கடையாண்டயும்தான் இருக்கும்."

"அங்க நாங்க இருக்கோம்."

தண்ணீர் மொண்டு குடித்தாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

"அப்பா, அன்னிக்கு ஜீப்ல எனக்கு மயக்கம் வந்துச்சே, அது கடிச்சதால இல்ல. எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துனே வந்தாங்க. இப்பவா, இன்னும் கொஞ்ச நேரத்துலயான்னு பாக்கற மாதிரி. அதுலதான் எனக்கு மயக்கம் வந்துச்சு. நீ வந்ததுலருந்து தெனமும் அப்டியே பாக்கற. நான் கதவத் தொறந்தா பாக்கற. செருப்பு போட்டா பாக்கற. பெரிம்மா வூட்டுக்குப் போய்ட்டு வந்தா மொதல்ல என் காலப் பாக்கற. நீ வர்றதுக்கு முன்னாடி நான் இங்க பயமில்லாமதான் இருந்தேன். உனக்கு எப்பப்பா முடியும்னுதான் நான் காத்துனு இருக்கேன்."

அவள் சுலபமாக ஒத்துக்கொண்டது எதற்கு என்று அப்போது புரிந்தது போல இருந்தது. தோட்டத்தை ஒழுங்கு செய்ய என்னை அவள் வரவழைக்கவில்லை. வெட்டி, கொத்தி, களைத்து, என் பயம் எங்கேயாவது தீர்ந்துபோகட்டும் என்று இடம் கொடுத்திருக்கிறாள். அப்படித்தானா, அல்லது அந்த நேரத்தில் என் வாயை அடைக்கச் சொன்னாளா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மறுநாள் ஜீப்புக்குப் போகவில்லை.

மிச்சத்தை வேறு மாதிரி செய்தேன். வெறும் தரையாக்கும் எண்ணத்தை விட்டேன். ஓட்டுக் குவியலை அள்ளி வெளியே கொட்டினேன். சுவரின் எலி வளைகளைக் கல் வைத்து அடைத்தேன். துணிக் கயிற்றை வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் மாற்றிக் கட்டினேன். பின்கதவிலிருந்து கயிறு வரைக்கும், குளியலறை வரைக்கும் அகலமாகச் செதுக்கி ஜல்லி கொட்டி ஒரு பாதை போட்டேன். அதற்கு இரண்டு பக்கமும் செடிகள் இருந்துகொள்ளட்டும். கதவுக்கு மேலே ஒரு பல்பும் மாட்டினேன், தோட்டம் முழுக்க வெளிச்சம் விழுகிற மாதிரி.

பல்பைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டம்மா தலையை ஆட்டினார். "அத எரிய வுட்டா பூச்சி வரும் சார்."

"எந்தப் பூச்சி?" என்றேன்.

என் குரலில் என்ன இருந்ததோ, அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஈசல், சார்! ஈசல்! வெட்டுக்கிளி!" சிரித்து முடித்து மூச்சு வாங்கியதும், "ஆனா ஈசலுக்குத் தவள வரும். தவளைக்கு..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பல்பை வைப்பதா கழற்றுவதா என்று அரைநாள் யோசித்தேன். கடைசியில் சுவிட்சை உள்பக்கம் வைத்து, வெளியே போகும்போது மட்டும் போடு என்று மகளிடம் சொன்னேன். அவள் சரி என்றாள்.

லீவு முடிவதற்கு முன்னால் ஒரு மழை பெய்தது. பலாப் பிஞ்சுகள் மேல் சடசடவென்று ஆரம்பித்து, என் ஜல்லிப் பாதையை நனைத்து, வாய்க்காலை உடைத்துக்கொண்டு ஓடியது. மழை விட்ட சில நாளில், நான் உயிரைக் கொடுத்து வெறுமையாக்கி வைத்திருந்த இடமெல்லாம் பச்சையாக முளைத்து நின்றது. இரண்டிரண்டு இலையாக. உட்கார்ந்து பார்த்தேன். நான் ஊன்றிய அவரை எது, பிடுங்கிப் போட்டதன் விதை எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டம்மாவைக் கேட்டால் ஏதாவது ஒன்றைச் சொல்வார். கேட்கவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் மகள் வேலைக்குப் போகச் சீக்கிரமே தயாராகி, பையை மாட்டிக்கொண்டு பின்கதவருகே வந்து நின்றாள். நான் பாதையில் நின்றிருந்தேன்.

"சொல்லுப்பா. இருக்கவா, வரவா?"

இதற்குத்தான் வந்தேன். வந்த நாளிலிருந்து ஒரு பதிலைத் தயார் செய்து, மாற்றி, மறுபடி தயார் செய்திருந்தேன். இரு என்று சொல்ல வாயைத் திறந்தால், நாளைக்கு ஏதாவது என்றால் அந்த வார்த்தையை எங்கே கொண்டுபோய் வைப்பது? வா என்று சொன்னால், அவள் வந்துவிடுவாள். கொடுத்த வாக்குக்காக வருவாள். வந்து வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பாள், நான் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"எனக்குத் தெரியலம்மா," என்றேன்.

"தெரியலன்னா?"

"தெரியல. உண்மையிலயே தெரியல. நீ இரு. நான் போறேன்."

அது அனுமதியா என்று அவள் கொஞ்ச நேரம் யோசித்தது முகத்தில் தெரிந்தது. எனக்கே தெரியாதது அவளுக்கு எப்படித் தெரியும்? பிறகு, "சாயங்காலம் ஃபோன் பண்றேன்" என்றாள்.

"காலைலயும் பண்ணு."

"ரெண்டு வேளையா? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று, மருந்துச் சீட்டைப் பார்த்துக் கேட்கிற குரலில் கேட்டுவிட்டுச் சிரித்தாள். செருப்பை மாட்டினாள். நான் அந்த நேரத்தில் பலா மரத்தைப் பார்த்தேன். வேண்டுமென்றே அண்ணாந்து, கிளை கிளையாகப் பார்த்தேன். கழுத்து வலித்தது. அவளுடைய காலடி தெருவில் இறங்கிக் கேட்காமல் போகிற வரைக்கும் தலையைக் கீழே இறக்கவில்லை.

ஜீப்பில் முன்சீட்டில் இடம் கிடைத்தது. பின்னால் புளி மூட்டைகளுக்கு நடுவே நாலைந்து பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மலை இறங்கத் தொடங்கியதும் மனைவி ஃபோன் செய்தாள்.

"அவள இட்டுனு வர்றீங்களா?"

"இல்ல."

"அப்ப இருக்கச் சொல்லிட்டீங்களா?"

"அப்படின்னும் சொல்ல முடியாது."

"பின்ன இன்னாதான் சொன்னீங்க?"

"தெரியலன்னு சொன்னேன்."

வீட்டில் குக்கர் விசில் அடித்தது கேட்டது.

"அதுக்கு அவ இன்னா சொன்னா?"

"சிரிச்சா."

"நல்லா சிரிச்சாளா?"

"நல்லாதான் சிரிச்சா."

வண்டி வளைவில் திரும்பியது. மனைவி ஏதோ சொன்னாள். சரிங்க என்றாளா, சரியாங்க என்று கேட்டாளா தெரியவில்லை. அதற்குள் சிக்னல் போய்விட்டது. நான் இரண்டுக்கும் பொதுவாக ஃபோனில் "ம்" என்றேன்.